ஆறு வாரத்தைப் பத்து நாளாக்கினேன்

எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. அறுபதுகளில் ஜெர்மனியில், ஆஹெனில் படித்தவர்களில் மிச்சமிருக்கும் சிலரிடம் ஆளுக்கொரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டது ஹாக்கியைப் பற்றி. தொலைபேசியில் பேசிய இளைஞர் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். "அந்த ஒத்தக்கால் கோல் பத்தி நீங்க எழுதினாத்தான் சார் ஆதென்டிக்கா இருக்கும்" என்றார்.

அந்த ஆட்டம் நடந்தபோது அவர் பிறந்திருக்கவில்லை. அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு இன்னொருவர். அப்படியே பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் நான் நிற்பேன், ஏதோ ஒரு தீபாவளி விருந்தில், சுற்றி நாலு பேரை வைத்துக்கொண்டு, "முட்டி போயிருச்சு, ஆனா பய விடலையே" என்று சிரித்தபடி. நாற்பது வருடம் அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

எண்பதைத் தாண்டிவிட்டேன். நடந்ததை எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் பாளையங்கோட்டைக்காரன். இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்காக ஆஹெனுக்குப் போனேன். ஆய்வுக்கூடத்தில் என் வேலை உருக்குத் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி ஆட்டிக்கொண்டே இருந்து, எப்போது விரிசல் விடுகிறது, விட்ட விரிசல் எப்போது முறிவாகிறது என்று பார்ப்பது. விரிசல் கண்ட துண்டின்மீது மறுபடி முழுச் சுமையை ஏற்றக்கூடாது என்று நூற்றெண்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவன் நான். இதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இந்திய மாணவர்களுக்கென்று ஒரு ஹாக்கி அணி இருந்தது. பதினாலு பேர் இருந்தோம். நான்தான் தலைவன். ஹாக்கி என்றால் இந்தியா என்று ஜெர்மானியர்கள் அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எங்களை ஆட்டத்துக்கு அழைப்பார்கள். நாங்களும் அதை நம்பினோம். அதனால் பயிற்சி செய்வது கௌரவக் குறைவு என்று நினைத்தோம். எதிரணி வெள்ளைக்காரப் பையன்கள் கால் மணி நேரம் மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள், குனிவார்கள், நிமிர்வார்கள், தொடையை இழுத்து இழுத்து விடுவார்கள். நாங்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம்.

"பாவம், வார்ம்-அப்லயே பாதி உசுரு போயிரும்" என்பார் எங்கள் கோல்கீப்பர். மதுரைக்காரர், வேதியியல் ஆய்வாளர். "நமக்கு எதுக்குத் தலைவரே? நம்ம ரத்தமே சூடு."

சிரிப்போம். பேருந்திலிருந்து இறங்கி, கோட்டைக் கழற்றி, குளிர்ந்த ஈரப் புல்லில் அப்படியே ஓடுவோம். காலில் கேன்வாஸ் ஷூ. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது நொண்டிக்கொண்டுதான் திரும்புவோம். அதையும் வீரம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த அணிக்குத்தான் அவன் வந்து சேர்ந்தான். கோவில்பட்டிப் பையன், பத்தொன்பது வயது. ஊருக்கு வெளியே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் இரண்டு வருடப் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். எட்டு மணி நேரம் லேத் முன்னால் நிற்கிற வேலை. குளிருக்கு ஒழுங்கான கோட்டு இல்லாமல் வந்தவன், இரண்டு ஹாக்கி மட்டைகளுக்கு மட்டும் துணியில் உறை தைத்துக்கொண்டு வந்திருந்தான். பேச்சைக் கேட்டதுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. முதல் நாளிலிருந்தே நான் அவனுக்கு அண்ணாச்சி.

அவன் ஆடிய விதத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை எழுதி எழுதித்தான் மற்றதை மறைத்தேன். எங்கள் பதினாலு பேரில் ஹாக்கி தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது போதும்.

அவனுக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ஊரில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய அரசு வேலைகள் இருந்தன. தேர்வு ஆட்டத்தில் கண்ணில் பட்டால் வேலை. இரண்டு வருடம் இங்கே தொழில் பழகுவது, மட்டையையும் விடாமல் வைத்திருப்பது, திரும்பிப் போய்த் தேர்வில் நிற்பது. இதுதான் அவன் கணக்கு.

"எங்க தெருவுல மட்ட புடிச்சவன் பூராம் யூனிபார்ம் போட்டுட்டான் அண்ணாச்சி" என்றான் ஒருமுறை. "தீப்பெட்டி ஒட்டுனவன் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கான்."

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு, நட்பு ஆட்டம். முந்தின நாள் அவனுக்குத் தொழிற்சாலையில் கூடுதல் ஷிப்ட். காலையில் மழை வேறு. பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினான். பாதம் சேற்றில் மாட்டி நின்றது. எதிரணிக்காரன் ஒருவன் வெளிப்பக்கத்திலிருந்து அவன் முழங்கால்மீது விழுந்தான். முழங்கால் உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். முழங்கால் அந்தத் திசையில் மடங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை.

மறுநாள் நான்தான் அவனை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவனுக்கு அப்போது ஜெர்மன் மொழியில் வணக்கம், நன்றி, ரொட்டி, ஸ்பானர் இவ்வளவுதான் தெரியும். புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளைகளை மருத்துவரிடமும் அலுவலகங்களுக்கும் அழைத்துப்போவது எங்களுக்குள் வழக்கம். முன்னால் வந்தவன் பின்னால் வருபவனுக்கு வாயும் காதுமாக இருக்க வேண்டும். எனக்கும் ஒருவர் அப்படி இருந்தார். ஒரு சொல்லைக்கூட எனக்கு மாற்றிச் சொன்னதில்லை.

மருத்துவர் நிதானமானவர். முதலில் நல்ல காலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். பிறகு அடிபட்ட காலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என் கையை வைத்தே தொட்டுப் பார்க்கச் சொன்னார். உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, பாதி பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நல்ல செய்தி என்றும் சொன்னார். ஓய்வு கொடுத்தால் கத்தி வைக்காமலே முழுதாகச் சேர்ந்துவிடும். ஆறு வாரம் ஓடக்கூடாது, திரும்பக்கூடாது, ஆடவே கூடாது. வீக்கம் வடிந்ததும் தொடைத் தசையைப் பலப்படுத்தப் பயிற்சி தருவார்கள், அதன் பிறகு மெல்ல ஓடலாம். அதற்கு முன்னால் ஆடினால் மிச்ச ஜவ்வும் போகும், உள்ளே இருக்கும் பிறை போன்ற குருத்தெலும்பும் சேர்ந்து போகும். "சின்ன வயது. இந்த முழங்கால் இன்னும் ஐம்பது வருடம் உழைக்க வேண்டும். இதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள்" என்றார்.

பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாள் விடுமுறைக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்த விடுமுறையில் ஹாக்கிக் கழகங்கள் போட்டி நடத்துவது அங்கே வழக்கம். எங்களையும் அழைத்திருந்தார்கள். போட்டியை நடத்தும் கழகத்தில் என் பேராசிரியர் உறுப்பினர். முந்தின வருடம் அவர்களிடம் ஏழு கோல் வாங்கித் தோற்றிருந்தோம். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவர் என் தோளைத் தட்டி, "இந்தியாவில் வேறு ஏதோ ஹாக்கி ஆடுகிறார்கள் போலிருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக எனக்குள் கிடந்து புளித்தது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்கு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதாரு?" என்று கேட்டான்.

"சுளுக்குதாம்லே. ஜவ்வு கொஞ்சம் இழுபட்டிருக்கு. பத்து நாள் ரெஸ்ட்."

"பத்து நாள் போதுமா? கைய அப்பிடியும் இப்பிடியும் ஆட்டி ரொம்ப நேரம் பேசுனாரே?"

"ஜெர்மன்காரன் சுளுக்குன்னு சொல்றதுக்கே அரை மணி நேரம் எடுத்துப்பான்."

சிரித்தான். மருத்துவர், பையன் சிரிப்பதைப் பார்த்து, செய்தியைத் தைரியமாக ஏற்றுக்கொண்டான் என்று நினைத்துத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு தொழிற்சாலைக்குக் கொடுக்க ஒரு சான்று எழுதினார், நான்கு வாரம் நின்று வேலை செய்யக்கூடாது என்று. வெளியே வந்ததும் அவன் அந்தத் தாளில் இருந்த தேதிகளைப் பார்த்துவிட்டான். எண்களைப் படிக்க மொழி தேவையில்லை அல்லவா.

"இதுல ஒரு மாசம் போட்டிருக்கே அண்ணாச்சி."

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "அது வேலைக்கு. இங்க எதுக்கெடுத்தாலும் ஒரு மாசம் எழுதுவான். நமக்கு நல்லதுதானே? பகல் பூராம் சும்மா இருப்ப, பிராக்டீஸ் பண்ணலாம்."

"அப்ப லாட்டரிதான்" என்றான். அப்படியொரு மகிழ்ச்சி அவனுக்கு. அவன் கால் ஆறட்டும் என்று மருத்துவர் வாங்கிக் கொடுத்த நாட்களை, அந்தக் காலைக் கெடுக்கவே பயன்படுத்தினேன்.

பதினோராம் நாள் மைதானத்தில் இறக்கினேன். நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது முகம் மாறியது.

"உள்பக்கம் இன்னும் வலிக்கு அண்ணாச்சி. கதவு கீல் கழண்டா ஆடுமே, அந்த மாதிரி ஆடுது."

"பயம்லே அது. கால்ல இல்ல, மண்டையில இருக்கு."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். என் வாயால், தமிழில், நம்பி வந்த பிள்ளையிடம். இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். கோட்டோரத்தில் அப்பாக்கள். ஒரு குழந்தை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு குரல் வரும்: "ஒண்ணுமில்ல, எழுந்திரு, பயப்படாதே." போன மாதம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய், அப்படிக் கத்திய ஒருவரிடம், அது உங்கள் கால் இல்லை, வாயை மூடுங்கள் என்று சொன்னேன். பைத்தியக்காரக் கிழவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். வலி பொய் சொல்வதில்லை. வலி இல்லை என்று பக்கத்தில் நிற்கிறவன்தான் பொய் சொல்கிறான். அவனுக்கு ஒரு கோப்பை தேவைப்படுகிறது, அல்லது அவன் சிறுவனாக இருந்தபோது ஆடத் தெரியாமல் போன ஆட்டத்தைப் பிள்ளையின் காலால் ஆடப் பார்க்கிறான். எத்தனை பேர் இப்படி! எத்தனை முழங்கால்கள்! யாராவது இதற்காக ஒரு நாளாவது தலைகுனிந்திருக்கிறார்களா? நானே அரை நூற்றாண்டு குனியவில்லையே.

போட்டிக்கு முன்னால் இழுபடும் துணியால் முழங்காலைச் சுற்றி, அதன்மீது இன்னொரு சுற்றுச் சுற்றினேன். கோல்கீப்பர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"தலைவரே, பயலுக்கு நெசமாவே சரியாயிருச்சா?"

"டாக்டரே சொல்லிட்டார்."

"அப்ப சரி. டாக்டரே சொல்லிட்டாருன்னா நாம என்ன சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம். திங்கட்கிழமை இறுதியாட்டம், பேராசிரியரின் கழகத்தோடு. முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு கோல். நடு மைதானத்தில் திரும்பியவன் அப்படியே விழுந்தான். யாரும் அவன்மீது மோதவில்லை. நான் ஓடிப் போனேன். வெளுத்துப் போயிருந்தான்.

"உள்ள என்னமோ படக்குன்னு போயிருச்சு அண்ணாச்சி. கால் ஊனவே முடியல."

ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்றும் விதி அன்று இல்லை. அவனை வெளியே அனுப்பினால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கும் யாருக்கும் தெரியும்.

"ஓட வேண்டாம். அவங்க கோல் பக்கத்துல போய் சும்மா நில்லு. ஒன்னப் பாத்துக்க அவங்க ஒருத்தன விட்டாகணும்" என்றேன்.

என்னையும் இன்னொருவரையும் பிடித்துக்கொண்டு போய் நின்றான். ஒற்றைக் காலில்தான். இரண்டு நிமிடம் கழித்துப் பந்து அவனிடம் வந்தது. நின்ற இடத்திலிருந்து அடித்தான். கோல். அடித்த வேகத்தில் விழுந்தான், பிறகு எழவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவனிடம் முதலில் போனது எதிரணிக்காரன் ஒருவன்.

இதுதான் மலருக்கு வேண்டிய ஒத்தக்கால் கோல்.

பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகைப்படம் எடுத்தார்கள். அதில் அவன் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறான், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. வலது முழங்கால் பாதி மடங்கியபடியே இருக்கும். உட்காரும் விதம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதை நீட்ட முடியவில்லை. உள்ளே கிழிந்த குருத்தெலும்பு மூட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி அதே மருத்துவர். முழங்காலைத் தொட்டவர், பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஆறு வாரம் என்று சொன்னேன். இப்போது மூன்று வாரம்தான் ஆகிறது. ஏன் ஆடினான்? அவனைக் கேளுங்கள்."

நான் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பி, "ரொம்ப வலிக்குதான்னு கேக்கறார்" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி, நெறைய வலிக்குன்னு சொல்லுங்க."

நான் மருத்துவரிடம் திரும்பினேன். "நாங்கள் எவ்வளவோ சொன்னோம், டாக்டர். அவன் கேட்கவில்லை. இந்த வயதுப் பையன்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள்?"

முதல் பொய்யையாவது ஆட்டத்தின்மேல் இருந்த வெறி என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? மருத்துவர் அவனைப் பார்த்த பார்வையில் இருந்த வெறுப்பு எனக்குச் சேர வேண்டியது. தன் வேலையை ஒருவன் மதிக்காமல் கெடுத்துவிட்டான் என்ற வெறுப்பு. அவனோ அவரைப் பார்த்துச் சிரித்து, தனக்குத் தெரிந்த நன்றி என்ற ஜெர்மன் சொல்லைச் சொன்னான்.

"என்ன செய்யணுமாம்?" என்று என்னைக் கேட்டான்.

"சின்ன ஆபரேஷன். பண்ணா சரியாயிருமாம்."

குருத்தெலும்பை முழுதாக வெட்டி எடுத்தார்கள். அன்று அதுதான் சிகிச்சை. ஜவ்வைத் தைத்து, இடுப்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். முதல் தடவை சும்மா இருந்திருந்தால் போதுமாக இருந்த அதே ஆறு வாரம், இப்போது கட்டிலில்.

முதல் வாரம் அணியே போனது, பழங்கள், பூக்கள், கோப்பை சகிதம். கோல்கீப்பர் மாவுக்கட்டின்மீது, அவன் ஆடும் இடமான 'சென்டர் ஹாஃப்' என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த வாரம் நான்கு பேர். அதற்கடுத்த வாரம் தேர்வுகள் வந்தன. நான் தொடர்ந்து போனேன், ஆனால் நாள் விட்டு நாள் என்பது வாரம் ஒருமுறை ஆனது. காரணம் ஆய்வு வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு.

அவன் பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி இடுப்பு முறிந்து கிடந்தார். அவருக்குப் பொழுது போகவில்லை, இவனுக்கும் போகவில்லை. காலையிலிருந்து மாலை வரை அவர் பேசுவார், இவன் திருப்பிச் சொல்வான். ஒரு நாள் நான் உள்ளே நுழைகிறேன், கிழவர் ஏதோ கேலி சொல்ல, இவன் அவருடைய சுரங்கத்துப் பேச்சிலேயே திருப்பிக் கொடுக்கிறான். அறையே சிரித்தது. மூன்று வருடம் கஷ்டப்பட்டு நான் கற்ற மொழி இவனுக்கு ஐந்தாறு வாரத்தில் வருகிறதே என்று பொறாமை என்றால்கூடப் பரவாயில்லை. எனக்கு வந்தது பயம். இவன் என்னிடமிருந்து மொழியைத் தட்டிப் பறித்துக்கொள்கிறான் என்ற பயம்.

கட்டைப் பிரித்ததும் ஓர் அம்மாள் பயிற்சி கொடுத்தார். கை இரண்டும் பெரிது, பேச்சு கண்டிப்பு. ஒருமுறை நானும் இருந்தேன். அளவு நாடாவைத் தொடையில் சுற்றினார். இடது தொடையைவிட வலது தொடை ஐந்து சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தச் சொன்னார். அழுத்து, பத்து எண்ணு, விடு. அழுத்து, பத்து எண்ணு, விடு. ஒரு சோம்பேறிகூடச் செய்யக்கூடிய பயிற்சி என்று தோன்றும். அவனுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. மைதானத்தில் இரண்டு ஆட்டம் அடுத்தடுத்து ஆடியும் நான் அவனிடம் பார்க்காத வியர்வை. பிறகு காலில் மணல் பை கட்டித் தூக்கினான். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். தேர்வில் நிற்க வேண்டுமே, அவன் செய்யாமல் இருப்பானா?

அக்டோபரில் கடைசிப் பரிசோதனை. என் அறைக்கு வந்து கூப்பிட்டான்.

"டாக்டர்ட்ட போகணும். நீங்களும் வாங்க அண்ணாச்சி."

"உனக்குத்தான் இப்ப நல்லா பேச வருதே?"

"பெரிய விஷயமெல்லாம் இன்னும் புரிய மாட்டேங்கு. நீங்க இருந்தா தைரியம்."

நம்பினேன். நம்பத்தான் விரும்பினேன்.

மருத்துவர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், உட்கார்ந்து எழச் சொன்னார். கடைசிக் கொஞ்சம் மடங்கவில்லை. என்னிடம் சொன்னார்: "நடக்கலாம். மாடி ஏறலாம். வேலை செய்யலாம், நாள் முழுக்க நிற்காத வேலையாக இருந்தால் நல்லது. ஹாக்கி கிடையாது. இனி எப்போதும் கிடையாது. சொல்லுங்கள்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். என் வாயில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்கறார்" என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். இவ்வளவுக்குப் பிறகும். "இன்னும்" என்பது வரைக்கும் வந்தும் விட்டது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மருத்துவரைப் பார்த்து ஜெர்மனில் பேசினான். சுரங்கக் கிழவரின் இழுவையோடு, ஆனால் தெளிவாக.

"டாக்டர், ஏப்ரலில் நீங்கள் எத்தனை நாள் சொன்னீர்கள்?"

"ஆறு வாரம்."

"எனக்குப் பத்து நாள் என்று சொன்னார்கள்."

மருத்துவர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். மே மாதம் அவனைப் பார்த்த அதே பார்வை, கடைசியில் சரியான ஆளிடம் வந்து சேர்ந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்றார்.

வெளியே உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவனிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அரை மணி நேரத்துக்குமேல் பேசினார். நடுவில் அவன் கேள்வி கேட்கும் குரலும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. அது நேர்மையால் என்று சொல்ல மாட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவன்தான் முதலில் பேசினான்.

"அந்தப் பயிற்சி அம்மா ஆகஸ்ட் மாசமே சொல்லிட்டாக. 'ஆறு வாரம்னு சொன்னா கேக்காம ஓடுனவன் நீதானே'ன்னு வஞ்சாக. மொதல்ல நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் அப்பிடித்தான் நெனச்சேன், அண்ணாச்சி. நீங்க அப்பிடிச் செய்ய மாட்டீகன்னு."

"தம்பி..."

"ஒண்ணு மட்டும் கேக்கேன். நீங்க ஆறு வாரம்னு சொல்லியிருந்தா நான் ஆடாம இருந்திருப்பேனா?"

நான் தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது. அதில் நுழைந்தேன். "நீ விட்டிருக்க மாட்டடே. உன்ன எனக்குத் தெரியாதா? எப்படியும் ஆடியிருப்ப."

"இல்ல" என்றான். "இருந்திருப்பேன். எனக்கு அந்தக் கப்பு எதுக்கு? ஊர்ல செலக்ஷன்ல நிக்கத்தானே இந்தக் கால வச்சிருந்தேன்."

பேருந்து வந்தது. கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து ஏறினான். ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தான், நான் வருகிறேனா என்று பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். நான் ஏறவில்லை. மன்னிப்பு என்ற சொல் தமிழில் இருக்கிறது, ஜெர்மனிலும் இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த நான் இரண்டிலும் அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவன் அணியின் பக்கம் வரவில்லை. மைதானத்தில் யாராவது கேட்டால், "வேலைல பிஸி" என்றேன். கோப்பை என் அறை அலமாரியில் இருந்தது. பயிற்சியை முடித்துக்கொண்டு அடுத்த வருடம் அவன் ஊருக்குப் போனது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோல்கீப்பர் விடுமுறைக்கு மதுரைக்குப் போனார். அங்கிருந்து கோவில்பட்டி பக்கம்தானே என்று போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது என்னிடம் சொன்னார். தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் இயந்திரம் பழுது பார்க்கிறானாம். உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து வைத்துக்கொண்டானாம். தேர்வு ஆட்டத்துக்கும் போயிருக்கிறான். டாக்டர் சொன்னதைத் தெரிந்துகொண்டே போயிருக்கிறான். மைதானத்து வாசலில் ஒரு மேசை. பெயர் எழுதும் இடம். அரைக்கால் சட்டையில் போய் நின்றவனின் முழங்காலில் இருந்த தழும்பை அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, ஒருமுறை உட்கார்ந்து எழச் சொன்னாராம். உட்கார்ந்தான். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டான். பெயரை எழுதவே இல்லை. மட்டையை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பினான்.

"பாவம் தலைவரே" என்றார் கோல்கீப்பர், தட்டில் உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டே. "நல்ல பிளேயர். அதிர்ஷ்டந்தான் இல்ல, இல்லையா?"

பரிமாறுகிற பெண் என் தட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வரிசை பின்னால் காத்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன்.